அஹமது கபீரின் தனி ஆல்பம் பற்றி மன்றம் எடுத்த முடிவு

கும்பகோணத்தில் காவிரிப் படுகைக் கலை இலக்கியத் திறனாய்வு மன்றம் என்று ஒன்று இருந்தது. நாற்பத்தோரு ஆண்டுகளில் அது நானூற்றுப் பன்னிரண்டு படைப்புகளைத் திறனாய்வு செய்து, நானூற்றுப் பன்னிரண்டும் காலத்தால் அழியாதவை என்று தீர்மானம் போட்டிருந்தது. அவற்றில் ஒன்றுகூட இப்போது எங்கும் கிடைக்காது. இதை மன்றத்தின் குறையாக யாரும் சொன்னதில்லை. காலத்தின் குறை என்றுதான் ஆண்டறிக்கையில் எழுதியிருந்தார்கள்.

இரண்டாயிரத்துப் பதினான்காம் ஆண்டு ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, குத்தாலத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்த அஹமது கபீர், தன் ஆல்பத்தை ஒரு பென் டிரைவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அந்த மன்றத்தின் படியேறினார். வயது நாற்பத்தொன்பது. மலேசியாவில் இருபது வருஷம் ராப் பாடியவர். ராப் என்றால் என்ன என்று மன்றத்தில் யாரும் அவரைக் கேட்கவில்லை. தெரியாததைக் கேட்கும் வழக்கம் அங்கே இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாட்டின் கதவுகளைத் திறந்துவிட்டதாக டெல்லியில் சொன்னார்கள். திறந்த கதவு வழியாகக் குளிர்பானமும் கலர் டிவியும் உள்ளே வந்தன. அதே கதவு வழியாகக் கபீரும் சேரனும் வெளியே போனார்கள். கபீர் கடைத்தெருப் பையன். சேரன் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், நாற்றுப் பறிக்கிற குடும்பம். குத்தாலத்து டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திராத இரண்டு பேரும் மலேசியாவில், கிள்ளானில் எட்டுப் பேர் அறையில் பக்கத்துப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். கபீர் பகலில் சொந்தக்காரர் மளிகைக் கடையில் மூட்டை இறக்கினார். சேரன் டைல்ஸ் அறுத்தான். சனிக்கிழமைகளில் இருவரும் மேடையேறி ஒரு வரி இவர், ஒரு வரி அவன் என்று தாளத்தில் பேசினார்கள். குழுவின் பெயர் 'ரெண்டு கரை'. தோட்டத்துத் தமிழர்களும் லாரி ஓட்டுநர்களும் அவர்கள் வரிகளை மனப்பாடமாகச் சொன்னார்கள். இரண்டு கேசட் வந்தது. இரண்டும் பூஞ்சை பிடித்துப் போயின. யாரோ எடுத்த மேடை வீடியோவில் விசில் மட்டும் தெளிவாகக் கேட்கும்.

இருபது வருஷம் விழுங்கிய டைல்ஸ் தூசி சேரனின் நுரையீரலை முடித்துவிட்டது. போன மாசி மாதம் கிள்ளான் ஆஸ்பத்திரியில் இறந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அங்கேயே எரித்தார்கள். சாம்பல் கபீரின் மடியில் விமானத்தில் வந்தது.

சேரனோடு சேர்ந்து போட்ட எட்டுப் பாட்டுகளையும் கபீர் தனி ஆல்பமாக்கினார். தலைப்பு 'ஒத்தைக் கரை'. தன் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டார். சேரன் பேச வேண்டிய இடத்தில் குரல் இல்லை. வெறும் தாளம் மட்டும் நடந்து போகும். பிறகு கபீர் வருவார்.

மன்றத்திடம் அவருக்கு வேண்டியது பரிசு இல்லை. அந்த மேடையில், மைக்கில், சேரன் என்கிற பெயரை ஒருவர் மரியாதையாகச் சொல்ல வேண்டும். சேரனின் அம்மா கண்ணாத்தாள் முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். சாம்பல் வந்த அன்று ஊரில் ஒருவர், "கூத்தாடப் போனவன், கூத்தாடியே போய்ட்டான்" என்று சொன்னது கண்ணாத்தாள் காதில் விழுந்திருந்தது. கபீர் காதிலும்தான்.

மன்றச் செயலாளர் சிங்காரவேலு கூட்டுறவுத் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பென் டிரைவைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, மேசையில் வைத்தார்.

"என்ன வடிவம் இது?"

"ஆல்பம் சார். எட்டுப் பாட்டு."

"புத்தகமா கொண்டாங்க. தட்டச்சு செஞ்சு மூணு பிரதி. இரட்டை இடைவெளி."

"இது கேக்குறது சார்."

சிங்காரவேலு பரிவோடு சிரித்தார். "பாய், நாங்க திறனாய்வாளருங்க. கேட்டோம்னா ரசிச்சிருவோம். ரசிச்சிட்டா நடுநிலை போயிரும். நாப்பத்தோரு வருஷமா எங்க மேல யாரும் பாரபட்சம்னு சொன்னதில்ல. ஏன்னு நெனைக்கிறீங்க?"

கபீருக்குப் புரிந்தது போலவும் இருந்தது. சேரனைப் பற்றிச் சொன்னார். சிங்காரவேலு படிவத்தை எடுத்தார்.

"மறைந்தவர் மன்ற உறுப்பினரா?"

"இல்ல சார்."

"உறுப்பினருக்குத்தான் இரங்கல் தீர்மானம். இப்பக்கூட சேரலாம், ஒண்ணும் தடையில்ல. விண்ணப்பத்துல அவர் கையெழுத்து வேணும்."

"அவன் இறந்துட்டான் சார்."

"அதான் சிக்கல்" என்றார் சிங்காரவேலு, சேரன் அதை வேண்டுமென்றே செய்துவிட்டது போல. "ஊரு?"

"குத்தாலம் பக்கம் சார்."

"குத்தாலத்துல எந்தத் தெரு?"

மன்றத்தில் சாதி பார்ப்பதில்லை. அது அதன் அமைப்பு விதியிலேயே இருந்தது. அதனால் தெருவை மட்டும் கேட்பார்கள்.

"வாய்க்காலுக்கு அந்தாண்ட" என்றார் கபீர்.

"ஓ" என்றார் சிங்காரவேலு. பேனாவை மூடிவிட்டுத்தான் அந்த ஓவைச் சொன்னார். "நன்றியுரையில சேர்த்துருவோம். 'துணை நின்றோர்'னு ஒரு வரி இருக்கு. மைக்செட், பந்தல், சமையல், அதோட இவரும்."

"பேரைச் சொல்லுவீங்கல்ல சார்?"

"பேரில்லாம எப்படி நன்றி சொல்றது?"

கபீர் மகிழ்ச்சியாகப் படி இறங்கினார்.

கடையில் உட்கார்ந்து வரிகளைத் தட்டச்சு செய்தார். தன் வரி ஒன்று. அதன் கீழே சேரனின் வரிக்கு ஒரு நீளக் கோடு. மறுபடி தன் வரி. மறுபடி கோடு. மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி நுஸைபா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, கேள்வித்தாளா?"

"அது சேரன் எடம்."

நுஸைபா தூக்கை மேசையில் வைத்தாள். சேரனுக்குப் பதினைந்து வருஷம் ரம்ஜானுக்கு லுங்கி அனுப்பியவள் அவள்.

"படிக்கிறவங்களுக்கு அது தெரியுமா?"

"கேட்டா தெரியும்."

"கேக்க மாட்டோம்னுதானே சொல்லி அனுப்பிருக்காங்க? எதை எங்கிட்ட சொல்லணும், எதை அங்க சொல்லணும்னு இந்த மனுசனுக்கு அம்பது வயசாகியும் வெளங்கல. சாப்பிடுங்க, ஆறுது."

வியாழக்கிழமை கபீர் கண்ணாத்தாளைப் பார்க்கப் போனார். நூறு நாள் வேலையில் வாய்க்கால் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். எழுபதை நெருங்கும் கண்ணாத்தாள் கரையில் உட்கார்ந்து மண்சட்டியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாததால் அவசரம் இல்லை.

"வாங்க கவீரு தம்பி. என்ன, மூஞ்சி பெருநாள் மாதிரி இருக்கு?"

கபீர் சொன்னார். கும்பகோணம், மண்டபம், மேடை, பெரிய பெரிய ஆட்கள், ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"அவன் பாட்டைப் போடுவாங்களா?"

"அவன் பேரைச் சொல்லுவாங்கம்மா. மைக்குல. எல்லாருக்கும் முன்னால."

"பேரு நான் வச்சதுதானே, எனக்குத் தெரியாதா? பாட்டுப் போடுவாங்களான்னு கேட்டேன்."

"போடுவாங்கம்மா."

கண்ணாத்தாள் சட்டியைக் கீழே வைத்தாள். "வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை போன் பண்ணுவான். 'நல்லாருக்கேம்மா, நீ நல்லாருக்கியா'ம்பான். அதுக்குள்ள கட்டாயிரும். இருவது வருசத்துல அவன் பேசினதை எல்லாம் ஒண்ணா சேத்தா ஒரு பொழுது வராது. பாட்டுன்னா நீட்டிப் பேசிருப்பான்ல?"

"நீட்டித்தான் பேசுவான்" என்றார் கபீர். அவர் கிள்ளான் மேடையை நினைத்துக்கொண்டு சொன்னார்.

"அப்ப நான் வரேன்" என்றாள் கண்ணாத்தாள்.

மூன்று பிரதிகளும் மன்றத்தின் பிழைதிருத்தக் குழுவுக்குப் போயின. குழு கோடுகளைப் பார்த்தது. ஒரு பாட்டில் பதினாறு கோடு. எட்டுப் பாட்டுக்கு நூற்று இருபத்தெட்டு. குழுவில் இருந்த மூன்று பேரும் நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாள் தயாரித்தவர்கள். கோட்டைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்துக் கல்லூரியில் ஒரு போட்டி நடத்தினார்கள். முந்நூற்றாறு மாணவர்கள் கலந்துகொண்டு கோடிட்ட இடங்களை நிரப்பினார்கள். நிரப்பியதில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்து 'பிழை திருத்திய பதிப்பு' என்று அட்டையில் போட்டுப் புத்தகமாக அச்சடித்துவிட்டார்கள்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு புத்தகம் கபீர் கைக்கு வந்தது. கடையில் நின்றபடி விரித்தார்.

கபீரின் வரி: 'எட்டுப் பேரு ஒரு ரூமு, எவன் செருப்பு எவனுதுன்னு தெரியல.'

அதன் கீழே: 'ஒற்றுமையாய் வாழ்ந்திட்டால் உண்டாகும் நன்மையே.'

கபீரின் வரி: 'தூசிக்குள்ள சூரியன் வந்தா அதுக்கும் ஒரு இருமல் வரும்.'

அதன் கீழே: 'உழைப்பவர்க்கு உலகினிலே உயர்வு என்றும் நிச்சயம்.'

கபீர் அன்றைக்கே கும்பகோணம் பஸ் ஏறி, மன்றத் தலைவர் அமிர்தலிங்கத்தின் வீட்டுக்குப் போனார். அமிர்தலிங்கம் ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அது முடிவதற்குள் காப்பி வந்து, குடித்து, டம்ளரையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

"ஐயா, அந்த எடத்தையெல்லாம் சும்மா விட்டிருந்தேன். அது என் சிநேகிதன் எடம்."

"சும்மா விடறதாவது?" அமிர்தலிங்கம் அதிர்ந்துவிட்டார். "வெற்றிடம் தமிழுக்கு ஆகாது கபீர். நம்ம மொழியில இல்லாத சொல்லா? நாப்பத்தோரு வருஷத்துல நம்ம மன்றத்துல ஒரு நிமிஷம் சும்மா கழிஞ்சதில்ல. இரங்கல் கூட்டத்துல மௌன அஞ்சலின்னு வந்தாக்கூட மௌனத்தோட மாண்பைப் பத்தி நான் இருபது நிமிஷம் பேசித்தான் அனுசரிப்போம்."

"அவன் இறந்துட்டான் ஐயா. அதனாலதான்..."

"அதனாலதான் பிள்ளைங்களை விட்டு நிரப்பினோம். இளைய தலைமுறை! உங்களுக்கு நன்றி சொல்லத் தெரியல. பரவாயில்ல, கலைஞர்களுக்கு அது வராது."

காப்பி வந்தது. குடித்தார்கள். டம்ளரை எடுத்துக்கொண்டு போனார்கள். கபீர் எழுந்து, "பேரு மட்டும் சொல்லிருவீங்கல்ல ஐயா?" என்று கேட்டார். "அச்சிலேயே இருக்கே" என்று அழைப்பிதழைக் காட்டினார் அமிர்தலிங்கம். பதினான்காவது நிகழ்ச்சி நன்றியுரை. அதற்குக் கீழே 'நண்பகல் உணவு'.

ஆவணி ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. வாசல் பிளெக்ஸில் அமிர்தலிங்கம் ஆளுயரத்துக்கு நின்றார். அவர் இடது முழங்கைக்குக் கீழே பாஸ்போர்ட் அளவில் கபீர் இருந்தார். கண்ணாத்தாளை நுஸைபா ஆட்டோவில் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்தாள். கண்ணாத்தாள் பச்சைச் சேலை கட்டி, முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"எப்பம்மா பாட்டு?" என்று நுஸைபாவைக் கேட்டாள்.

"இவங்க பேசி முடிச்சதும் ஆத்தா."

"இவங்கள்ளாம் அவனைத் தெரிஞ்சவங்களா?"

"இல்ல ஆத்தா. எல்லாம் தெரிஞ்சவங்க."

வரவேற்புரை முப்பது நிமிஷம். முன்னிலை வகித்தவர்கள் நான்கு பேர். தாங்கள் பேச வரவில்லை, முன்னிலை வகிக்கத்தான் வந்தோம் என்பதை ஆளுக்குப் பத்து நிமிஷம் பேசினார்கள். பிறகு திறனாய்வு தொடங்கியது.

முதல் திறனாய்வாளர் பிரகதாம்பாள். இசைக் கல்லூரியில் முப்பது வருஷம் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுத்தவர். "நூலை முழுமையாக வாசித்தேன்" என்று ஆரம்பித்தார். "ராகம் இல்லை. சுருதி இல்லை. பேசுவதைத் தாளத்தோடு பேசினால் அதற்குப் பெயர் பாட்டு என்றால், என் மாமியார் பெரிய வித்வாம்சினி." மண்டபம் சிரித்தது. "இந்தப் பாடல்களை நான் கேட்கவில்லை. கேட்காமலேயே குறைகளைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு எனக்குப் பயிற்சி இருக்கிறது என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்." கைதட்டல்.

அடுத்தவர் சென்னையிலிருந்து வந்திருந்த நவீன விமர்சகர். உலகமயம், சந்தை, இடப்பெயர்வு, சிதறுண்ட தன்னிலை என்று நாற்பது நிமிஷம் போனது. "இந்தப் பிரதியில் வெளிப்படுகிற உழைக்கும் குரல் யாருடையது?" என்று மண்டபத்தைக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பதில் தெரிந்த கபீர் முழங்காலுக்கு மேல் கை தூக்கினார். "அது யாருடைய குரலும் அல்ல" என்று விமர்சகரே பதில் சொல்லிவிட்டார். பிறகு 'ஒற்றுமையாய் வாழ்ந்திட்டால் உண்டாகும் நன்மையே' என்ற வரியை எடுத்துக்கொண்டு, கபீர் தொழிலாளர் வர்க்கத்துக்குத் துரோகம் செய்துவிட்டதாக நிறுவினார். அந்த வரியை எழுதிய இரண்டாம் ஆண்டு வணிகவியல் மாணவி ஐந்தாவது வரிசையில் பரிசு வாங்கக் காத்திருந்தாள்.

அமிர்தலிங்கம் தலைமையுரை ஆற்றினார். ராப் என்பது நமக்குப் புதிதல்ல, நடவு வயலிலும் ஏற்றத்திலும் நம் முன்னோர் பாடியதைத்தான் வெள்ளைக்காரர்களும் கறுப்பர்களும் எடுத்துப் போனார்கள், கபீர் அதைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார், சுங்கத்தில் எதுவும் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன் என்றார். இந்த நகைச்சுவைக்காக அவரே கொஞ்ச நேரம் காத்திருந்தார். நடவு வயலில் ஐம்பது வருஷம் பாடிய கண்ணாத்தாள் அவருக்கு ஆறடி தூரத்தில் உட்கார்ந்து, மைக்செட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி ஒன்றேகால். சிங்காரவேலு மைக்கைப் பிடித்தார். "நேரமின்மை காரணமாகவும், சாம்பார் ஆறிக்கொண்டிருப்பதாகச் சமையற்காரர் தெரிவித்திருப்பதன் காரணமாகவும், நன்றியுரை ஆற்றப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. அனைவரும்..."

நாற்காலிகள் நகர்ந்தன. கபீர் மேடையிலிருந்து, "சார், பேரு... ஒரே ஒரு பேரு சார்" என்றார். "சொன்னதாக் குறிப்புல ஏத்திடறேன் பாய்" என்று சிங்காரவேலு அவர் தோளைத் தட்டினார்.

அப்போது கண்ணாத்தாள் எழுந்து நின்றாள். "சாமி, பாட்டுப் போடலியே."

மைக்செட்டுக்காரன் என்ன நினைத்தானோ, கம்பியில்லாத மைக் ஒன்றைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தான். அவள் அதைச் சோளக்கதிர் போலப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது தடவை சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது. "எம்புள்ள பாட்டைக் கேக்க வந்தேன். போடலியே."

மேடையில் கூடிப் பேசினார்கள். திறனாய்வு விழாவில் படைப்பை ஒலிபரப்ப விதியில் இடமில்லை. தடையும் இல்லை, இப்படி ஒருவர் கேட்பார் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. இரண்டு நிமிஷத்துக்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டது. கபீர் பென் டிரைவைக் கொடுத்தார்.

தாளம் ஆரம்பித்தது. மைக்செட்டுக்காரனின் கால் தானாக ஆடியது. கபீரின் குரல் வந்தது.

'கொள்ளிடம் தாண்டாத காலு ரெண்டும் கடல் தாண்டிருச்சு.'

பிறகு வெறும் தாளம். சிங்காரவேலு போய்ப் பெட்டியின் தலையில் இரண்டு அடி வைத்தார்.

'ஊரு கேட்டா ஊரு சொன்னேன், தெருவைக் கேட்டா சிரிச்சேன்.'

வெறும் தாளம். "ஒயர் லூசு" என்றார் ஒருவர். பிரகதாம்பாள், "அபஸ்வரமாவது வரலாமே" என்றார். கண்ணாத்தாள் கழுத்தை நீட்டி, ஒரு காதைப் பெட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். மூன்றாவது வரி வந்தது, போனது. தாளம் தனியாக நடந்தது. நான்காவது.

"கவீரு தம்பி" என்றாள் மைக்கில். "நீதான் பேசுற. எம்புள்ள எப்பப் பேசுவான்?"

கபீர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். பாட்டை நிறுத்தினார்கள். அவர் பேசியதும் அவள் கையிலிருந்த மைக் வழியாக மண்டபத்துக்கே கேட்டது.

"அந்தச் சும்மா இருக்கிற எடம்தாம்மா அவன். அவன் எடத்தை நான் யாருக்கும் குடுக்கல. அப்படியே வச்சிருக்கேன்."

"எடம் வச்சிருக்க. சரி. ஆளு எங்க?"

கபீர் நின்றுபோன பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"அவன் பேசவே இல்லியா? ஒடம்பு முடியாமப் போச்சா?"

"பேசினான்மா. எட்டுப் பாட்டும் பேசினான். டயர் கடை மாடியில ஒரு சிநேகிதன் ஸ்டூடியோ வச்சிருந்தான். மூணு மாசம் படியேறி வந்து பேசிக் குடுத்தான்."

"அது எங்க?"

"ஒவ்வொரு வரிக்கும் இருமல்மா. மூச்சு வாங்குறது எல்லாம் பதிவாயிருந்துச்சு. அவன் போனப்புறம் என்னால கேக்க முடியல. அவனை அந்த மாதிரி யாரும் கேக்கக் கூடாதுன்னு நெனச்சேன். மரியாதையா இருக்கட்டும்னு... அழிக்கச் சொல்லிட்டேன். ஒரு காப்பி வச்சுக்கவான்னு ஸ்டூடியோக்காரன் கேட்டான். வேணாம்னுட்டேன்."

கண்ணாத்தாள் அவர் முகத்தையே பார்த்தாள். கோபம் இல்லை. கணக்குப் பாடத்தில் ஒரு குழந்தை முழிப்பது போலத்தான் பார்த்தாள்.

"இருமினா என்ன தம்பி? அவன் பால்குடி மறக்கும்போதே இருமுவான். மார்கழி பொறந்தா போதும், ராப்பூரா எம் முதுவுல சாஞ்சுகிட்டு இருமுவான். எனக்கு அது தெரியாதா? யாருக்காகத் தம்பி அதைத் தொடச்ச?"

மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்தாள். நுஸைபா பின்னால் எழுந்தாள். "நீ இரும்மா, உன் புருசனைப் பாரு" என்று கண்ணாத்தாள் சொன்னது மைக் இல்லாமலே கேட்டது.

மன்றம் அதன் நாற்பத்தோரு ஆண்டில் முதல்முறையாகப் பேச்சற்று இருந்தது. பதினோரு விநாடி. பிறகு அமிர்தலிங்கம் மைக்கை எடுத்தார்.

"அவையோரே! இந்தத் தாய் எழுப்பிய வினா நம் கண்களைத் திறந்துவிட்டது. இடைவெளி! அந்த இடைவெளியே சேரன்! சொல்லாமல் விட்டதன்மூலம் சொல்லியிருக்கிறார் கபீர். அந்த இடைவெளிகளின் ஆழத்தை முன்கூட்டியே உணர்ந்துதான் நாம் முந்நூற்றாறு மாணவர்களை அதில் இறக்கினோம். சேரனின் மௌனம்! சேரனின் இன்மை! சேரனின் அழிக்கப்பட்ட குரல்! எவ்வளவு துணிச்சலான அழகியல் முடிவு அது! இருமலை நீக்கி இன்மையை வைத்தாரே!"

நவீன விமர்சகர் எழுந்து, இதைத்தான் தன் உரையின் இருபத்தைந்தாவது நிமிஷத்தில் சொன்னதாகப் பதிவு செய்யச் சொன்னார். பிரகதாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 'ஒத்தைக் கரை' இந்த ஆண்டின் காலத்தால் அழியாத படைப்பு என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நானூற்றுப் பதின்மூன்றாவது. அமிர்தலிங்கம் முடிப்பதற்குள் சேரன் பெயரைப் பதினான்கு தடவை மைக்கில் சொல்லிவிட்டார், ஒவ்வொரு தடவையும் மிகுந்த மரியாதையோடு. முன்வரிசையில் பச்சைச் சேலை இருந்த நாற்காலியில் மைக் கிடந்தது. நன்றியுரை தேவைப்படவில்லை.

கபீருக்குச் சால்வை போட வந்தார்கள். புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார். அந்தப் படம் மன்றத்தின் காலாண்டிதழில் பிறகு வந்தது. அதில் கபீர் இல்லை, போர்த்த நீட்டிய சால்வையும் அமிர்தலிங்கமும் மட்டும் இருக்கிறார்கள். கபீர் அதற்குள் படியிறங்கி ஓடியிருந்தார்.

பஸ் நிறுத்தத்தில், பூட்டியிருந்த பாத்திரக் கடைப் படியில் கண்ணாத்தாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பூக்காரம்மா.

"ஏன் தம்பி ஓடியாற? உன்னைத் தேடுவாங்க, போ."

"அவன் பேரைச் சொன்னாங்கம்மா."

"கேட்டுச்சு. வெளியிலயும் கொழாய் கட்டிருக்காங்கள்ல."

கபீர் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவருக்கு வந்த வார்த்தை எல்லாமே தாளத்தில் வந்தது, அதனால் பேசவில்லை. ஒரு மினி பஸ் வந்து நின்று, ஆட்களை அடைத்துக்கொண்டு போனது.

"ஒரே ரூம்புலதானே படுத்திருந்தீங்க?" என்றாள் கண்ணாத்தாள்.

"ஆமாம்மா. பக்கத்துப் பாய்."

"ராத்திரி இருமினா முழிச்சுக்குவியா?"

"முழிச்சுக்குவேன். சுடுதண்ணி வச்சுக் குடுப்பேன்."

"இருவது வருசம்."

"ஆமாம்மா."

"அப்ப உனக்கு நல்லாத் தெரியும்" என்று அவர் பக்கம் திரும்பினாள். "ஒருவாட்டி இருமிக் காட்டு."

கபீருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நிறுத்தத்தில் நின்றிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து இருமினார்.

கண்ணாத்தாள் கண்ணை மூடிக் கேட்டாள். "இது உன் இருமல். அவன் மொதல்ல ஒண்ணை உள்ளுக்குள்ளயே அடக்கிப் பாப்பான்."

கபீர் ஒன்றை அடக்கினார். நெஞ்சு குலுங்கியது. பிறகு இருமினார்.

"கடேசியில ஒரு இழுப்பு இழுப்பானே."

இழுத்தார். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. பூக்காரம்மா, "தண்ணி குடிங்க பாய்" என்று பாட்டிலை நீட்டினாள். கண்ணாத்தாள் கண்ணைத் திறக்காமலே கையால் அவளைத் தடுத்தாள்.

குத்தாலம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏறும்மா, ஏறு, நேரமாச்சு" என்றார்.

"நீ போய்யா, நான் அடுத்ததுல வரேன்" என்றாள் கண்ணாத்தாள். முதுகைக் கொஞ்சம் வளைத்து, கபீர் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"கிட்ட வந்துட்ட. இன்னொருவாட்டி."